ஹாலோ நைட்ட பாதியில விட்டவங்க திரும்ப ஆரம்பிச்சு முடிக்கறது எப்படி

நான் இந்த கேம ரெண்டு தடவ அன்இன்ஸ்டால் பண்ணவன். மொத தடவ மூணு மணி நேரம் கூட தாங்கல, ஒரு பெரிய வண்டு வழிய அடைச்சுக்கிட்டு சுருண்டு கெடக்கும், அத எவ்வளவு அடிச்சாலும் டங்கு டங்குன்னு சத்தம் தான் வந்துச்சு, சுத்தி சுத்தி அதுக்கு முன்னாடியே வந்து நின்னு கடுப்பாகி மூடிட்டேன். ரெண்டாவது தடவ சோல் மாஸ்டர்னு ஒரு பாஸ்கிட்ட (பாஸ்னா பெரிய எதிரி) பதினாலோ பதினஞ்சோ தடவ செத்து, ஒவ்வொரு தடவையும் அவன்கிட்ட போய் சேர்றதுக்கே அவ்வளவு தூரம் ஓடணுமேன்னு வெறுத்துப்போய் விட்டேன். மூணாவது தடவ தான் முடிச்சேன், முடிச்சதோட நிக்காம விட்டுப்போன மூலை முடுக்கெல்லாம் தேடிக்கிட்டு இன்னும் இருபது மணி நேரம் உள்ளயே கெடந்தேன். இதுக்கு நடுவுல என் கை ஒண்ணும் பெருசா தேறிடல, கேம் வாயத் தொறந்து சொல்லாத சில விஷயம் தெரிஞ்சுடுச்சு, அவ்வளவு தான். அதத்தான் எழுதறேன். கதை ஸ்பாய்லர் முடிஞ்ச வரைக்கும் இருக்காது, ஆனா இடம், பாஸ் பேரெல்லாம் வரும், அது கூட வேணாம்னா இதோட நிறுத்திக்கோங்க.

கேம பத்தி சுருக்கமா சொல்லிடறேன். ஆஸ்திரேலியாவுல அடிலெய்ட்ல இருக்கற டீம் செர்ரிங்கற குட்டி டீம் பண்ணது. ஆரி கிப்சன், வில்லியம் பெல்லன் ரெண்டு பேரும் தான் அதுல முக்கியமான ஆளுங்க. 2014ல கிக்ஸ்டார்ட்டர்ங்கற நிதி திரட்டற சைட்ல 35,000 ஆஸ்திரேலிய டாலர் கேட்டாங்க, 57,000க்கு மேல வந்துச்சு, 2017 பிப்ரவரில பிசில ரிலீஸ் ஆச்சு, அடுத்த வருஷம் ஸ்விட்ச்ல வந்தப்புறம் தான் எல்லார் வாயிலயும் பேரு அடிபட ஆரம்பிச்சுது. அப்புறம் நாலு கன்டென்ட் பேக் விட்டாங்க, நாலும் ஃப்ரீ. 2025 செப்டம்பர்ல இதோட அடுத்த பாகம் சில்க்சாங் வந்ததுல இருந்து "மொதல்ல பழச முடிச்சிடுவோம்"னு திரும்பி வர்றவங்க நெறைய பேரு, நீங்களும் அந்த கேஸா இருந்தா சரியான இடத்துக்கு தான் வந்திருக்கீங்க.

பழைய சேவ் ஃபைல தொடாதீங்க, புதுசா ஆரம்பிங்க. பாதியில விட்ட சேவ தொறந்தா எந்த பக்கம் போயிட்டு இருந்தோம்னு மண்டையில ஒண்ணுமே இருக்காது, கையும் பழக்கம் விட்டுப்போயிருக்கும், பத்து நிமிஷத்துல திரும்ப மூடிடுவீங்க. ஏற்கனவே ஓடின இடம் தானே, ரெண்டாவது தடவ பாதி நேரத்துல முடிஞ்சிடும்.

மேப் விஷயம்

நெறைய பேரு விடறது இங்க தான். வேற கேம்ல போற இடமெல்லாம் மேப்ல தானா வரைஞ்சுக்கும், இங்க அப்படி கெடையாது. ஒரு புது ஏரியாவுக்குள்ள போனா மேப்பே இருக்காது, அந்த ஏரியாவுக்குள்ள எங்கயோ கார்னிஃபர்னு ஒருத்தர் உக்காந்து வரைஞ்சிட்டு இருப்பாரு, அவர கண்டுபிடிச்சு ஜியோ (இந்த கேமோட காசு) குடுத்து வாங்கணும், அதுவும் அரைகுறை மேப் தான். மிச்சத்த நீங்க நிரப்பணும்னா டர்ட்மவுத்ங்கற ஊர்ல அவரோட மனைவி இசெல்டா கடையில குவில் (எழுதற இறகு) வாங்கணும், 120 ஜியோ. வாங்கினாலும் நடந்த உடனே வரையாது, பெஞ்ச்ல (செத்தா திரும்ப எழுந்திருக்கற இடம்) போய் உக்காந்தா தான் வரையும். நீங்க எங்க நிக்கறீங்கன்னு மேப்ல தெரியணும்னா காம்பஸ்ங்கற சார்ம் (போட்டுக்கற தாயத்து மாதிரி) தனியா வாங்கணும், அது 220. இதெல்லாம் கேட்டா அநியாயமா தான் தெரியும். மொத தடவ எனக்கு இது எதுவுமே தெரியாம குவில் வாங்காம மேப்ப மட்டும் வாங்கிட்டு "ஏன்டா இது மாறவே மாட்டேங்குது"ன்னு திட்டிட்டு இருந்தேன்.

அதனால கையில 340 ஜியோ சேர்ற வரைக்கும் வேற எதுவும் வாங்காதீங்க, எவ்வளவு ஆசையா இருந்தாலும். குவில், காம்பஸ் ரெண்டும் மொதல்ல, மிச்சம் அப்புறம். மேப்ல குறிச்சு வெக்கற மார்க்கரும் அதே கடையில கெடைக்கும், அதயும் ஒரு செட் வாங்கி வெச்சுக்கோங்க, ஏன்னா "இப்ப ஏற முடியாத சுவர்", "இப்ப தாண்ட முடியாத பள்ளம்" எல்லாத்தயும் குறிச்சு வெச்சா பின்னாடி ஒரு புது சக்தி கெடைச்ச உடனே எங்க போறதுன்னு யோசிக்க வேண்டியதே இல்ல.

கார்னிஃபர கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கு, ஹெட்ஃபோன் போட்டுக்கிட்டு ஆடுங்க. அவர் பக்கத்துல வந்துட்டா ம்ம்ம்-ம்ம்னு அவர் முணுமுணுக்கற ட்யூன் கேக்க ஆரம்பிக்கும், கீழ தரையில காகிதம் சிதறி கெடக்கும், அந்த காகிதம் எந்த பக்கம் போகுதோ அந்த பக்கம் போங்க. ஒரு மணி நேரம் இருட்டுல அலைஞ்சு, உயிர் ஒண்ணே ஒண்ணு மிச்சம் இருக்கறப்ப அந்த முணுமுணுப்பு காதுல விழும் பாருங்க, சொந்தக்காரர பாத்த மாதிரி இருக்கும். மேப் தானா வரைஞ்சிருந்தா இந்த சந்தோஷம் வந்திருக்காதுன்னு அப்ப தான் புரிஞ்சுது. (அதுக்காக காம்பஸ் ஒரு நாட்ச்ச, அதாவது சார்ம் மாட்டற இடத்த, அடைச்சுக்கறத என்னால மன்னிக்க முடியாது, ஆரம்பத்துல மொத்தமே மூணு நாட்ச் தான்யா இருக்கு.)

இன்னொண்ணு, வழி தவறிட்டா மெனுவுக்கு போய் சேவ் அண்ட் க்விட் பண்ணிட்டு திரும்ப உள்ள வாங்க. கடைசியா உக்காந்த பெஞ்ச்ல தான் எழுந்திருப்பீங்க, ஆனா அது வரைக்கும் எடுத்த பொருள், ஜியோ எல்லாம் அப்படியே இருக்கும். இது சீட்டிங் மாதிரி தோணும், தோணட்டும். ஒரு சார்ம் எடுக்கறதுக்காக ஒரு மூலைக்கு போய்ட்டு வந்த வழியே பத்து நிமிஷம் திரும்பி நடக்கறதுல எந்த பெருமையும் இல்ல.

அடி, சோல், ஹீல்

ஆரம்பத்துல அஞ்சு மாஸ்க், அதாவது அஞ்சு அடி வாங்கலாம். உங்க நெயில், அதாவது கத்தி, ஒரு அடிக்கு 5 டேமேஜ். எதிரிய ஒவ்வொரு தடவ அடிக்கறப்பவும் 11 சோல் (ஹீலுக்கும் மந்திரத்துக்கும் செலவாகற சக்தி) ஏறும், ஒரு மாஸ்க் ஹீல் பண்ண 33 சோல் ஆகும், அப்ப மூணு அடிக்கு ஒரு உயிர். இந்த கணக்கு மண்டையில ஏறிட்டா பாதி பயம் போயிடும். உயிர் கொறைஞ்சா எல்லாரும் பண்ற தப்பு பின்னாடி ஓடறது, பின்னாடி ஓடினா சோல் ஏறாது, சோல் இல்லாம ஹீல் இல்ல, மூலையில மாட்டி சாவீங்க. முன்னாடி போய் மூணு அடி குடுத்துட்டு அப்புறம் ஒதுங்குங்க.

நான் சொன்ன அந்த வண்டு இருக்கே, அத தாண்ட வெஞ்ச்ஃபுல் ஸ்பிரிட்னு ஒரு ஸ்பெல் (மந்திரம்) வேணும். ஃபால்ஸ் நைட்ங்கற பாஸ முடிச்சிட்டு ஆன்செஸ்ட்ரல் மவுண்ட்னு ஒரு இடத்துல நத்தை ஷாமன் ஒருத்தர் தருவாரு. அந்த ஸ்பெல்லுக்கும் 33 சோல் தான், டேமேஜ் 15. அதாவது மூணு அடி அடிச்சு சேர்த்த சோல்ல இன்னும் மூணு அடிக்கு சமமா ஒரே ஷாட். புதுசா ஆடறவங்க முக்காவாசி பேரு ஸ்பெல்ல மறந்தே போயிடறாங்க, ஹீலுக்கு வேணும்னு சோல பொத்திப் பொத்தி வெச்சுக்கிட்டு, வெச்சதோடயே செத்தும் போறாங்க. நானும் அப்படி தான். பாஸ் ஃபைட்ல உயிர் ஃபுல்லா இருக்கறப்ப சோல் வெஸல் (சோல் சேர்ற பாத்திரம்) நெறைஞ்சிருந்தா ஒரு ஷாட் விட்டுடுங்க.

எப்ப ஹீல் பண்றதுன்னு ஹார்னெட்ங்கற பாஸ்கிட்ட தான் நான் கத்துக்கிட்டேன். க்ரீன்பாத்ங்கற ஏரியா கடைசியில வர்ற ஃபைட். அவ தாக்கறதுக்கு முன்னாடி குரல் குடுப்பா, "ஷா!"ன்னு ஒரு கத்து, ஊசிய எறியறதுக்கு ஒண்ணு, பாயறதுக்கு ஒண்ணுன்னு. மொத ரெண்டு மூணு தடவ சாகறத பத்தி கவலப்படாம, அடிக்கவே அடிக்காம, தாண்டி தாண்டி குதிச்சிட்டு அந்த குரல மட்டும் கேளுங்க. அப்புறம் பாத்தா அந்தரத்துல நின்னு தன்ன சுத்தி நூல ஒரு வளையமா வீசுவா, அந்த நேரம் அவ நகர மாட்டா, நீங்க வளையத்துக்கு வெளிய ரெண்டடி தள்ளி நின்னா ஒண்ணும் ஆகாது, அது தான் ஹீல் பண்ற நேரம். எல்லா பாஸுக்கும் இந்த மாதிரி ஒரு நீளமான மூவ் இருக்கும். அத கண்டுபிடிக்கறது தான் ஃபைட்டே, கைவேகம் எல்லாம் அப்புறம்.

அப்புறம் சிட்டி ஆஃப் டியர்ஸ்ங்கற ஏரியாவுக்கு போன உடனே நெயில்ஸ்மித்த (நெயில தீட்டித் தர்றவர்) தேடிப் போங்க, 250 ஜியோ குடுத்தா 5 டேமேஜ் 9 ஆகும். கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு. இத விட்டுட்டு அதே சிட்டில சோல் மாஸ்டர்கிட்ட போய் மோதினேன், எனக்கு வேணும் தான்.

சாவும் ஜியோவும்

செத்தா கையில இருக்கற ஜியோ மொத்தமும் போயிடும், செத்த இடத்துல உங்க நிழல் நிக்கும், அத போய் அடிச்சா திரும்ப கெடைக்கும். போற வழியில இன்னொரு தடவ செத்தா அவ்வளவு தான். இதுல சோல் வெஸலும் உடைஞ்சு 99ல இருந்து 66 ஆயிடும், அதனால தான் செத்த உடனே கோவத்துல ஓடிப்போய் ஆடினா இன்னும் சீக்கிரம் சாகறீங்க. மூச்சு விட்டுட்டு போங்க, பாஸ் ரூம்ல நிழல் இருந்தா மொதல்ல அத முடிச்சிட்டு அப்புறம் பாஸ பாருங்க.

ஜியோவ சேர்த்து வெக்காதீங்க, இது தான் என் ஒரே கொள்கை. புது ஏரியாவுக்கோ புது பாஸுக்கோ போறதுக்கு முன்னாடி ஊருக்கு வந்து செலவு பண்ணிடுங்க. ஸ்லைனு ஒரு வியாபாரி க்ராஸ்ரோட்ஸ்ங்கற ஏரியாவுல ஒரு குடிசைக்குள்ள மயங்கின மாதிரி இருப்பான், அவன காப்பாத்தினா டர்ட்மவுத்ல கடை தொறப்பான், லூமாஃப்ளை லான்டர்ன் அவன்கிட்ட தான், 1800 ஜியோ. பெரிய தொகை, ஆனா அது இல்லாம க்ரிஸ்டல் பீக் பக்கம் சில இடத்துல கண்ணு தெரியாது. இந்த ஒண்ணுக்கு மட்டும் சேர்க்கணும். சேர்க்க ஈஸியான வழி என்னன்னா வழியில கெடைக்கற பழைய பொருளையெல்லாம் சிட்டில லெம்னு ஒருத்தர்கிட்ட விக்கறது தான், ஜர்னல் 200, சீல் 450, ஐடல் 800. அதெல்லாம் செத்தாலும் போகாது, அதனால விக்காம பையிலயே வெச்சிருந்து லான்டர்ன் வாங்கப்போற அன்னிக்கு மட்டும் வித்துட்டு நேரா கடைக்கு போங்க. ஃபாக் கேன்யன்ல ஒரு அம்மா பேங்க் வெச்சு நடத்துவாங்க. சிரிச்சுக்கிட்டே பேசுவாங்க. அவ்வளவு தான் சொல்லுவேன்.

நிழல எடுக்கவே முடியாத இடத்துல விட்டுட்டீங்கன்னா டர்ட்மவுத்ல பூட்டியிருக்கற ஒரு கதவ சிம்பிள் கீ போட்டு தொறங்க, உள்ள ஜிஜி இருப்பாங்க, ஒரு அழுகின முட்டை குடுத்தா நிழல அங்கயே கூப்பிட்டு தருவாங்க. கனவுல வர்ற பாஸ்கிட்ட செத்தா எதுவும் போகாது, அங்க தைரியமா சாவலாம்.

சோல் மாஸ்டர் கதைக்கு வர்றேன். ஃபைட் ஒண்ணும் அவ்வளவு மோசமில்ல, அங்க போற வழி தான் உயிர வாங்கும், நடுவுல டெலிபோர்ட் ஆகி ஆகி மந்திரம் விடறவனுங்க வேற. அவனுங்கள அடிக்க நிக்காதீங்க, ஓடுங்க, குதிச்சு தாண்டுங்க, கடைசியில பாஸ் கதவுக்கு கொஞ்சம் முன்னாடி இருக்கறவன மட்டும் அடிச்சு சோல் ஏத்திக்கிட்டு உள்ள போங்க. அந்த ஓட்டத்த தனியா ஒரு லெவல் மாதிரி பழகிக்கிட்டா பாதிக்கு பாதி நேரம் மிச்சம். இருந்தாலும் இது எனக்கு இன்னிக்கும் பிடிக்காத விஷயம் தான், பாஸ் ரூம் பக்கத்துல ஒரு பெஞ்ச் போட்டா கேம் ஈஸி ஆயிடாது, அலுப்பு தான் கொறையும். இன்னொண்ணு, அவன் செத்து விழுந்துட்டான்னு நெனச்சு கன்ட்ரோலர கீழ வெக்காதீங்க. நான் வெச்சேன்.

குதிக்கறது

இந்த கேம் கையில ஒட்டிக்கறதுக்கு காரணமே ஜம்ப் தான். பட்டன எவ்வளவு நேரம் அழுத்தறீங்களோ அவ்வளவு உயரம், விட்ட அடுத்த நொடி கீழ இறங்கும், அந்தரத்துல திசை மாத்தினா உடனே மாறும், வழுக்கறது சறுக்கறது எதுவும் கெடையாது. அதனால விழுந்தா உங்க தப்பு தான்னு உங்களுக்கே தெரியும், அது தான் திரும்ப திரும்ப ட்ரை பண்ண வெக்குது.

போகோவ சீக்கிரமே பழகிடுங்க. அந்தரத்துல கீழ பட்டனோட சேர்த்து அடிச்சா எதிரி மேலயோ முள்ளு மேலயோ பட்டு நீங்க எகிறுவீங்க. முள்ள அடிச்சே முள்ள தாண்டலாம்னு கேம் எங்கயும் சொல்லாது, ஆனா பின்னாடி பாதி ரகசிய இடம் இத நம்பி தான் இருக்கு. முள்ளுல விழுந்தா ஒரு மாஸ்க் தான் போகும், பக்கத்துல பத்திரமான இடத்துல திரும்ப விடும், அதனால பழக பயப்பட வேணாம். கன்ட்ரோலர்ல ஆடறவங்க அனலாக் ஸ்டிக்க விட்டுட்டு டிபேட் (நாலு திசை பட்டன்) யூஸ் பண்ணி பாருங்க, ஸ்டிக்ல கீழ தள்றப்ப கொஞ்சம் சாய்ஞ்சா கூட பக்கவாட்டுல அடிச்சிட்டு நேரா முள்ளுல போய் உக்காருவீங்க. எனக்கு இது ஒண்ணு மாத்தினதே பெரிய வித்தியாசம். (சில்க்சாங்ல ஹார்னெட் ஆரம்பத்துல கீழ அடிக்கறது சாய்வா போகும், இங்க பழகினத அங்க மறக்கணும், அது தனி வேதனை.)

எந்த வரிசையில போறது

க்ராஸ்ரோட்ஸ், அப்புறம் க்ரீன்பாத், அங்க ஹார்னெட்ட முடிச்சா டாஷ் (சட்டுனு முன்னாடி பாயற சக்தி) கெடைக்கும், டாஷ் வெச்சு ஃபங்கல் வேஸ்ட்ஸ், அதுல கீழ மான்டிஸ் வில்லேஜ்ல மான்டிஸ் க்ளா, அதான் சுவர்ல ஏறறது, அப்புறம் சிட்டி ஆஃப் டியர்ஸ். க்ளா எடுத்துட்டா அங்க இருக்கற மான்டிஸ் லார்ட்ஸ உடனே மோதணும்னு இல்ல, நெயில் அப்கிரேட் பண்ணிட்டு வாங்க, ஆனா கண்டிப்பா வாங்க, ஏன்னா ஜெயிச்சதுக்கப்புறம் அந்த வழியில உங்கள பாத்த உடனே வெட்ட வந்த மான்டிஸ் எல்லாம் நீங்க நடந்து போறப்ப தலை குனிஞ்சு நிக்கும். ஒரு டயலாக் கெடையாது. எனக்கு புல்லரிச்சுது.

அதுக்கு மேல வரிசை சொல்ல மாட்டேன், சிட்டிக்கு அப்புறம் கேம் நாலா பக்கமும் தொறந்துக்கும், அங்க கைடு பாத்து ஆடினா என்ன சுகம். ஒரே ஒரு எச்சரிக்கை, டீப்நெஸ்ட்ங்கற ஏரியா. ஃபங்கல் வேஸ்ட்ஸ்ல தரை உடைஞ்சு பொத்துன்னு அங்க விழுந்துட சான்ஸ் இருக்கு. இருட்டு, காலடியில என்னமோ ஓடற சத்தம், செத்துக்கெடக்கற மாதிரி இருக்கற பூச்சி எழுந்து வரும். தெரியாம விழுந்துட்டா அங்க இருக்கற பெஞ்ச்ல உக்காராதீங்க, உக்காராத வரைக்கும் சேவ் அண்ட் க்விட் பண்ணா பழைய பெஞ்ச்சுக்கு தப்பிச்சிடலாம், உக்காந்துட்டீங்கன்னா நடந்து தான் வெளிய வரணும்.

சிட்டில மேல ஒரு கோபுரத்துல வாட்சர் நைட்ஸ்னு ஆறு பேரு வரிசையா வந்து வெளுப்பானுங்க. அங்க போற வழியில மறைஞ்சிருக்கற சுவர் ஒண்ண உடைச்சு மேல போனா தொங்கற விளக்க அறுத்து விடலாம், அது விழுந்து ஒருத்தன் ஃபைட்டுக்கு முன்னாடியே காலி. எனக்கு ஆறு பேர முடிச்சதுக்கப்புறம் தான் தெரிஞ்சுது.

சிட்டி பெஞ்ச் ஒண்ணுல குவிரல்னு ஒருத்தர் ஜன்னல் பக்கம் பாத்துட்டு உக்காந்திருப்பாரு, வெளிய மழை ஓயாம பெய்யும், க்றிஸ்டஃபர் லார்கின் போட்ட மியூசிக் மெதுவா ஓடும். அங்க கொஞ்ச நேரம் கன்ட்ரோலர தொடாம உக்காருங்க. இதயும் கைடுல சேர்த்துக்கோங்க.

சார்ம் பத்தி பெருசா சொல்ல ஒண்ணுமில்ல, ஆன்செஸ்ட்ரல் மவுண்ட்ல இருக்கற சோல் கேட்ச்சர் ஆரம்பத்துக்கு நல்லது, அடிக்கு 11 சோல் 14 ஆகும், லெக் ஈட்டர்னு ஒருத்தன் விக்கற ஃப்ராஜைல் சார்ம் எல்லாம் செத்தா உடைஞ்சிடும், புது ஆளுங்களுக்கு அது தண்டம். பெஞ்ச்ல மட்டும் தான் சார்ம் மாத்த முடியும், அதனால பாஸ்கிட்ட போறதுக்கு முன்னாடி காம்பஸ கழட்ட மறந்துடாதீங்க, நான் பாதி கேம் மறந்தே ஆடினேன்.

கடைசி பாஸ்கிட்ட நேரா போய் ஒரு முடிவ பாக்கலாம், வேற முடிவு வேணும்னா என்னென்ன செய்யணும்னு கேம்ல எங்கயும் தெளிவா இருக்காது, அப்ப கைடு பாருங்க, வெக்கப்பட எதுவுமில்ல. அதுக்கு ஒயிட் பேலஸ்னு ஒரு இடம் தாண்டணும், சுத்தி சுத்தி ரம்பம், எதிரியவிட குதிக்கறது தான் அங்க வேலை. ஹைவ்ப்ளட் சார்ம் போட்டுக்கிட்டா போன உயிர் கொஞ்ச நேரம் நின்னா தானா வந்துடும், பொறுமையா நின்னு நின்னு போகலாம். அதுக்குள்ளயே பாத் ஆஃப் பெயின்னு ஒரு ரகசிய வழி வேற இருக்கு, முடிச்சாலும் புது சக்தி எதுவும் தர மாட்டாங்க, ஒரு சின்ன காட்சி தான், கண்டிப்பா போகணும்னு யாரும் சொல்லல. நான் நாலு ராத்திரி போனேன். இன்னும் பாதி கூட தாண்டல.